உடுத்திக் கிழிக்கவே உயர்ந்த துணி

திங்கட்கிழமை பொழுது சாய்ந்து, ஊரெல்லாம் கடையடைக்கத் தலைப்படும் நேரத்தில்தான் ஈரோட்டு அப்துல் கனி ஜவுளிச் சந்தை கண் விழிக்கத் தொடங்குகிறது. டெம்போக்களிலிருந்து இறங்கும் மூட்டைகள் தலைச்சுமையாக உள்ளே நுழைய, கேரளத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் பிரயாணம் செய்து வந்த சில்லறை வியாபாரிகள் விளக்கு வெளிச்சத்தில் துணியைப் பிரித்துப் பிடித்துப் பார்க்க, மறுநாள் செவ்வாய் வரையில் அங்கே உறக்கத்துக்கு இடமில்லை. அந்த நெரிசலின் ஒரு மூலையில், வேட்டிக் கட்டு ஒன்றின்முன் உட்கார்ந்திருக்கும் வியாபாரி, துணியின் ஓரத்திலிருந்து ஒரே ஓர் இழையை நகத்தால் உருவியெடுத்து, தீக்குச்சியைக் கிழித்து அதன் நுனியில் வைத்து, எழுந்த வாசனையை முகர்ந்து, மிஞ்சியதை விரல்களுக்கிடையே நசுக்கிப் பார்க்கிறார். சாம்பல் உதிரவில்லை, சிறு கட்டியாக உருண்டு நிற்கிறது. "பாலியெஸ்டர் கலந்திருக்குதுங்களே?" என்கிறார். "கலப்புத்தானுங்க அண்ணா, விலையப் பாருங்க" என்று பதில் வருகிறது. மேற்கொண்டு ஒரு வார்த்தையில்லாமல் கட்டு ஒதுக்கப்படுகிறது.

கட்டுக் கட்டாக வாங்குகிற அந்த மனிதர் துணியை விசாரணை செய்கிறார். ஒன்றே ஒன்று வாங்குகிற நாமோ, குளிரூட்டிய ஜவுளி மாளிகையின் நாலாம் மாடியில், விலைச் சீட்டையும் அதன்மேல் சிவப்பு மையில் அடித்த தள்ளுபடியையும் மட்டும் வாசித்துவிட்டுத் திருப்தியோடு வீடு திரும்புகிறோம். ஆடித் தள்ளுபடியில் தொடங்கித் தீபாவளி வரையில் நீளும் ஜவுளிப் பருவத்தில், கொஞ்சமாக வாங்கினாலும் நல்லதாக வாங்குவதா, மலிவாக நிறைய வாங்கிக் குவிப்பதா என்ற தர்க்கம் வீட்டுக்கு வீடு நடக்கிறது. நல்லதையே வாங்க வேண்டும் என்பதில் யாருக்கும் ஆட்சேபம் இராது. எதை நல்லதாக வாங்குவது என்பதில்தான் நம்முடைய சமூகம் நெடுங்காலமாகக் கணக்குத் தவறி வருகிறது.

தலைகீழ்க் கணக்கு

நடுத்தரக் குடும்பமொன்றின் பீரோவைத் திறந்து பார்த்தால் நம் சிக்கனத்தின் விசித்திரம் விளங்கும். மேல்தட்டில், மல்துணியில் சுற்றி, மடிப்பு முறியாதிருக்க அவ்வப்போது மாற்றி மடித்துப் பூஜாதிரவியம்போல் காக்கப்படும் பட்டுப் புடவைகள். கீழ்த்தட்டில், காலர் நைந்த சட்டையும், நாலு சலவைக்குள் வலையாகிவிட்ட வேட்டியும், சாயம் வெளுத்த நூல் சேலையும், கழுத்து தொங்கிப்போன பனியனும். வருஷத்துக்கு ஒரு நாள் உடுத்துவதற்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கத் தயங்காத கை, வருஷம் முழுவதும் உடுத்துவதற்கு நூறு ரூபாய் கூட்டிக் கொடுக்க நேர்ந்தால் பேரம் பேசுகிறது.

ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். முந்நூறு ரூபாய் வேட்டி, வாரத்துக்கு இரண்டு நாள் கட்டி ஒரு வருஷத்தில் கிழிந்தால், ஒரு நாள் உடுப்புக்கு ஏறக்குறைய மூன்று ரூபாய் ஆகிறது. தொள்ளாயிரம் ரூபாய் வேட்டி நாலு வருஷம் உழைத்தால், அதே ஒரு நாளுக்கு இரண்டேகால் ரூபாய்க்கும் குறைவு. நாற்பதாயிரம் ரூபாய்ப் பட்டை வாழ்நாளில் இருபது முறை உடுத்தினால், ஒவ்வொரு முறையும் இரண்டாயிரம் ரூபாயை உடுத்திக் களைந்ததாகப் பொருள். தாலி ஏறிய புடவைக்கு இத்தகைய கணக்குப் பார்ப்பது தர்மமல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கப்பால் அடுத்த வீட்டு விசேஷம், அத்தை மகள் நிச்சயதார்த்தம் என்று சேர்ந்துகொண்டே போகும் நாலாவது, ஐந்தாவது பட்டுக்கு அந்த விலக்கு பொருந்துமா என்பது சந்தேகமே.

கூடுதல் பணம் போக வேண்டிய இடம், வாரத்தில் பல முறை உடம்பைத் தொட்டு, வியர்வையில் நனைந்து, துவைகல்லிலோ இயந்திரத்திலோ அடிபட்டு, வெயிலில் காய்ந்து, மறுபடியும் உடம்புக்கே திரும்புகிற சாதாரண ஆடை என்பதே இக்கட்டுரையாளனின் துணிபு.

நம்பரில் ஒரு சூட்சுமம்

வேட்டியிலிருந்து தொடங்குவது நியாயம்; அதில் தையலில்லை, பட்டனில்லை, குறையை மறைக்க ஒரு மடிப்புக்கூட இல்லை. வேட்டியின் தராதரம் நூலிலும் நெசவிலும் மட்டுமே அடங்கியிருக்கிறது. கடைக்காரர் "நூறுக்கு நூறுங்க" என்று பெருமையாகச் சொல்லும்போது பாவு என்ற நீள இழையும் ஊடை என்ற குறுக்கிழையும் 100ஆம் நம்பர் நூல் என்கிறார். நம்பர் ஏற ஏற நூல் சன்னமாகும், துணி மிருதுவாகும், விலையும் ஏறும். இதிலிருந்து நம்மில் பலர் அவசரமாக ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறோம்: விலை கூடினால் வலுவும் கூடும் என்று. சன்னமான நூல் சுகத்துக்கும் அழகுக்கும் உரியது, உழைப்புக்கு உரியதன்று. நாளும் கட்டி, திண்ணையில் உட்கார்ந்து, சைக்கிள் மிதித்து, கல்லில் அடித்துத் துவைக்கப்படும் வேட்டிக்கு 40, 60 என்ற நம்பர்களில் நெருக்கமாக நெய்த துணியே ஏற்றது. நூறாம் நம்பரை மாப்பிள்ளைக்கும் மேடைக்கும் விட்டுவிடலாம். ஆக, நல்லதை வாங்குவதென்பது எப்போதும் மிக உயர்ந்த விலையுள்ளதை வாங்குவதாகிவிடாது.

நம்பரைக் காட்டிலும் முக்கியமானது பஞ்சின் இழை நீளம். நீண்ட இழை நூலுக்கு வலுவைத் தரும். அதன் நுனிகள் துணியின்மேல் தலைநீட்டுவது குறைவாதலால் துணி பஞ்சு பூத்துப் போகாது. இந்தியாவில் பெருவாரியாகப் பயிராகும் பருத்தியின் இழை 30 மில்லிமீட்டருக்கு உட்பட்டது. 1974இல் கோயம்புத்தூர் ஆராய்ச்சி நிலையத்தில், சுஜாதா என்ற ரகத்தையும் மேற்கிந்தியத் தீவுகளின் செயின்ட் வின்சென்ட் ரகத்தையும் கலந்து, இரு பெற்றோரின் பெயரையும் சேர்த்துச் 'சுவின்' என்று பெயரிட்டு வெளியிட்ட பருத்தியோ ஏறக்குறைய 38 மில்லிமீட்டரை எட்டுவது. உலகின் மிகச் சிறந்த பருத்திகளுள் ஒன்று நம் ஊர் ஆராய்ச்சிச் சாலையிலே பிறந்தது என்ற செய்தி, வெளிநாட்டுப் பருத்தியின் பெயரை லேபிளில் கண்டு மயங்குகிறவர்களுக்கு ஓரளவு நிதானத்தைத் தரக்கூடும். குட்டை இழைகளைச் சீவி நீக்கி நூற்ற நூலைக் கொங்கு நாட்டில் 'கோம்ப்ட்' என்பார்கள், நீக்காதது 'கார்டட்'. நூல் சேலையோ, சட்டைத் துணியோ, பனியனோ, எதை வாங்கினாலும் கேட்க வேண்டிய முதற் கேள்வி இதுவே.

---
பெட்டிச் செய்தி: நூல் நம்பர்

840 கஜம் நீளமுள்ள நூல் ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை சிட்டம் தேறுகிறதோ அதுவே பருத்தி நூலின் நம்பர். 40ஆம் நம்பரில் ஒரு பவுண்டு நூல் 33,600 கஜம் நீளும். 100ஆம் நம்பரில் 84,000 கஜம், அதாவது சுமார் 77 கிலோமீட்டர். அரைக் கிலோவுக்கும் குறைந்த பஞ்சு, சென்னையிலிருந்து காஞ்சிபுரத்தைத் தொட்டுவிடும்.

பருத்தி காற்றிலிருந்து தன் எடையில் 8.5 சதவீதம் அளவுக்கு ஈரத்தை ஏற்றுக்கொள்ளும். பாலியெஸ்டர் ஏற்பது 0.4 சதவீதமே. அக்கினி நட்சத்திரத்தில் டெரிகாட்டன் சட்டை முதுகில் ஒட்டிக்கொள்வதன் ரகசியம் இதுதான்.
---

மலிவுத் துணியின் மோசடிகளுள் பழமையானது கஞ்சி. நெசவு நெருக்கமில்லாத துணிக்குக் கனத்த கஞ்சி ஏற்றி, இஸ்திரி போட்டு, மொடமொடவென்று மடித்து வைத்தால், கைக்கு அது கனமாகவும் கண்ணுக்குக் கம்பீரமாகவும் தோன்றும்; முதற் சலவையில் கஞ்சி கரைந்ததும் அதன் சொரூபம் வெளிப்பட்டுவிடும். துணியின் ஒரு மூலையை இரு கைகளாலும் கசக்கினால் வெள்ளைப் பொடி உதிர்கிறதா என்று பார்ப்பதும், விளக்குக்கு எதிரே பிடித்து இழைகளுக்கிடையே வெளிச்சம் எவ்வளவு தாராளமாக நுழைகிறது என்று பார்ப்பதும், நம் பாட்டிமார் செய்துவந்த பரீட்சைகள். கண்ணாடிக் கடைகளில் இவற்றைச் செய்ய வெட்கப்படுகிறோம். கேட்கிற தொகையைக் கொடுக்க மட்டும் வெட்கப்படுவதில்லை.

சட்டையின் உள்பக்கம்

சட்டையை வெளியே பார்த்து வாங்குகிறவர்கள் பாதி ஏமாந்தவர்கள். அதன் குணத்தையும் குற்றத்தையும் அறிய உள்ளே திருப்ப வேண்டும். பக்கத் தையல் வெறும் ஓவர்லாக்கோடு நிற்கிறதா, அல்லது துணியின் முனையை உள்ளே மடித்து இரட்டைத் தையல் ஓடியிருக்கிறதா? ஓர் அங்குலத்தில் எட்டுத் தையல்தான் தேறுகிறதா, பன்னிரண்டு, பதினான்கு தேறுகிறதா? கட்டமும் கோடும் போட்ட துணியானால், பையின் கோடும் மார்பின் கோடும் ஒன்றையொன்று சந்திக்கின்றனவா? கோடு பொருந்தும்படி வெட்டினால் துணி வீணாகும். ஆகவே அதைப் பொருத்தியிருக்கும் தையற்சாலை மற்றவற்றிலும் கஞ்சத்தனம் செய்திராது என்று பெரும்பாலும் நம்பலாம்.

காலர்தான் சட்டையின் ஆயுளை நிர்ணயிக்கும் ஸ்தானம். அதனுள்ளே விறைப்புக்காக வைக்கும் கேன்வாஸைப் பசையும் சூடும் கொண்டு ஒட்டுவது இக்கால வழக்கம். பசை மட்டமானால் சில மாதச் சலவையில் ஒட்டு விட்டு, காலரின் மேல்துணி கொப்புளம் கொப்புளமாக எழும்பி நிற்கும். அதற்குப் பரிகாரம் கிடையாது. கடையிலேயே காலரை விரல்களுக்கிடையே மெதுவாக வளைத்துப் பார்த்தால், நல்ல ஒட்டு ஒரே உடம்பாக வளையும், கெட்ட ஒட்டு சுருங்கி மடியும். காலர் நைந்தால் அதைப் பிரித்து உள்வெளியாகத் திருப்பித் தைத்துத் தரும் தையற்காரர்கள் இன்னும் சிறு ஊர்களில் இருக்கிறார்கள். துணி நல்லதாயிருந்தால்தான் அந்தச் சிகிச்சைக்கும் பிரயோஜனம் உண்டு.

என்னைக் கேட்டால், சட்டைக்கு அதிகம் செலவழிக்க விரும்புகிறவர் அதைத் துணிக்கும் தையல் கூலிக்குமாகப் பிரித்துக் கொடுப்பதே உத்தமம். அளவெடுத்துத் தைக்கும் டெய்லர் தோளுக்குத் தோளும், கைக்குக் கையும் சரிபார்ப்பார். 'உள்ளே கொஞ்சம் துணி விட்டுத் தையுங்கள்' என்று கேட்டால், வயிறு வளரும் காலத்துக்கும் இடம் வைப்பார். ரவிக்கை தைக்கக் கொடுக்கும் பெண்கள் இந்த முன்யோசனையை என்றைக்குமே மறந்ததில்லை. ரவிக்கையின் உள்ளே வரிசையாக ஓடும் இரண்டு மூன்று தையல்களைப் பிள்ளைப்பேற்றுக்குப் பின் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, பத்து வருஷம் அதே ரவிக்கையை அணிந்த தாய்மார்களை நாம் எல்லோரும் அறிவோம். ஆயத்த ஆடையில் அந்த விசாலம் இல்லை. மிச்சத் துணியெல்லாம் தொழிற்சாலைத் தரையில் விழுந்துவிடுகிறது.

இதில் வரியின் பங்கும் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல், 2,500 ரூபாய் வரையுள்ள ஆயத்த ஆடைக்குச் சரக்கு சேவை வரி 5 சதவீதம்; அதற்குமேல் ஒரு ரூபாய் கூடினாலும் 18 சதவீதம். செருப்புக்கும் எல்லை அதே 2,500. ஆகவே அந்தக் கோட்டை ஒட்டி நிற்கும் விலைகளில், கூடுதலாகக் கொடுக்கும் பணம் தரத்துக்குப் போகிறதா, கஜானாவுக்குப் போகிறதா என்று பார்த்து வாங்குவது புத்திசாலித்தனம். பெயர் பொறித்த சட்டை பலவற்றில் மூன்றாவதாக ஒரு பங்காளியும் இருக்கிறார். அவர் விளம்பரத்தில் சிரித்துக்கொண்டு நிற்பவர்.

சேலையும் தறியும்

பள்ளி ஆசிரியை, செவிலியர், வங்கி ஊழியர் என்று நாள்தோறும் சேலை உடுத்தி வேலைக்குப் போகிற பெண்களுக்கு நல்ல நூல் சேலைதான் மூலதனம். மதுரைச் சுங்குடி, காரைக்குடிக் கண்டாங்கி, நெகமம் சேலை, கோவைக் கோரா என்று, புவிசார் குறியீடு பெற்ற சேலைகளே நம் மாநிலத்தில் பல உள்ளன. கண்டாங்கியின் கனம் கோடைக்குச் சற்று அதிகம் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆனால் உடுத்த உடுத்த அது பழகிக் குழைந்து வருவதை அறிந்தவர்கள் இரண்டாவது சேலையும் அதையே வாங்குகிறார்கள்.

கைத்தறி என்ற பெயரில் விசைத்தறித் துணி விற்பனையாவது ஊரறிந்த ரகசியம். குறிப்பிட்ட சில வகைச் சேலை, வேட்டி, துண்டு, ஜமக்காளம் முதலிய 11 இனங்களைக் கைத்தறிக்கே ஒதுக்கி 1985ஆம் ஆண்டுச் சட்டம் காப்பளித்தும் இந்த நிலைமை. சேலையின் கரையோரத்தில் ஊடை நூல் திரும்பி வளையாமல், வெட்டுண்டு குஞ்சம்போல் நின்றால், அது நாடா ஓடாத இயந்திரத்தில் நெய்தது என்பதில் ஐயமில்லை. ஓரம் இம்மி பிசகாமல் நேராக ஓடுவதும், நூறு சேலைகள் ஒரே அச்சாக இருப்பதும் சந்தேகத்துக்குரியவை. விசைத்தறித் துணி பாவமென்று நான் சொல்ல வரவில்லை. ஈரோடும் பள்ளிபாளையமும் அதில்தான் பிழைக்கின்றன. விசைத்தறிக்கு விசைத்தறி விலையைக் கொடுக்க வேண்டும், அவ்வளவே.

இனி பட்டு. வாங்கத்தான் வேண்டுமென்றால், சாதாரணமான மூன்றின் விலைக்கு உயர்ந்த ஒன்றை வாங்குங்கள். அதிலும் கோர்வையைக் கேட்டு வாங்குங்கள். உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறு நிறமுமாக, மூன்று நாடாக்களைக் கொண்டு, ஒவ்வோர் ஊடைக்கும் உடலையும் கரையையும் கையாலேயே பின்னிக் கோத்துக்கொண்டு போகிற கோர்வைக்குத் தறியில் இரண்டு ஆள் வேண்டும். முற்காலத்தில் அந்த இரண்டாவது ஆள் வீட்டுப் பிள்ளை. இன்று பிள்ளை பள்ளிக்கூடம் போகிறான், போகத்தான் வேண்டும். படித்து முடித்தபின் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்குப் பஸ் ஏறிவிடுகிறான். ஆகையால் இரண்டாவது ஆளுக்கும் கூலி கொடுத்தாக வேண்டியிருக்கிறது. கோர்வைப் புடவையின் விலையில் கூடிநிற்கும் தொகை அந்தக் கூலிதான்; அதைப் பேரம் பேசிக் குறைப்பவர்கள் அந்த நெசவையே குறைக்கிறார்கள்.

---
பெட்டிச் செய்தி: முத்திரைகள் சொல்வதும் சொல்லாததும்

சில்க் மார்க்: மத்தியப் பட்டு வாரியத்தின் ஆதரவில் 2004இல் ஏற்பட்டது. பட்டு சுத்தமானது என்பதற்கு மட்டுமே உத்தரவாதம். ஜரிகையைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை.

கைத்தறி முத்திரை: 2006 முதல். கையால் நெய்தது என்பதற்கு அத்தாட்சி.

இந்தியா ஹேண்ட்லூம் பிராண்ட்: 2015 ஆகஸ்ட் 7 அன்று, முதல் தேசியக் கைத்தறி நாளில், சென்னையில் தொடங்கப்பட்டது.

ஜரிகை: அசல் ஜரிகை என்பது பட்டு இழைமேல் வெள்ளித் தகட்டுக் கம்பியைச் சுற்றிப் பொன்முலாம் பூசியது. மெல்லச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு இழை தெரியும். வெள்ளை இழையோ பிளாஸ்டிக் பளபளப்போ தெரிந்தால் விலையை மறுபடி யோசிக்கலாம்.

எரித்துப் பார்த்தால்: பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு மென்சாம்பலாகும், பட்டு, முடி கருகும் நாற்றத்தோடு பொடியாகும், பாலியெஸ்டர் உருகிக் கட்டியாகும்.
---

செருப்பும் பனியனும்

பனியனுக்கு அதிகம் பேச வேண்டியதில்லை. கோம்ப்ட் நூல், இழுத்து விட்டால் பழைய இடத்துக்கே திரும்பும் கழுத்துப் பட்டை, இவ்விரண்டும் இருந்தால் போதும். திருப்பூரின் நல்ல பனியனுக்கும் மட்டமானதற்கும் விலை வித்தியாசம் ஒரு காப்பிச் செலவுக்குமேல் போவது அபூர்வம்.

செருப்பு, ஷூ விஷயம் வேறு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்துத் தோலின் பெயரை உலகமே அறிந்திருக்க, உள்ளூரில் நாம் தோல் போன்ற தோற்றத்தை வாங்கித் திருப்தியடைகிறோம். தோல் துணுக்குகளை அரைத்துப் பசையில் கூட்டிப் பலகையாக்கி, மேலே ரெக்ஸின் பூச்சு ஏற்றியதும் தோல் என்றே விற்பனையாகிறது. இரண்டு மழைக்காலத்தில் அது செதில் செதிலாக உரியும். பாலியூரித்தேன் அடிப்பாகம் கொண்ட செருப்புகளுக்கு மற்றொரு துர்க்குணம் உண்டு: காற்றின் ஈரமே அதன் ரசாயனக் கட்டை மெல்ல அறுப்பதால், உபயோகிக்காமல் பெட்டியில் வைத்தாலும் சில வருஷங்களில் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். கல்யாணத்துக்கென்று பத்திரப்படுத்திய ஷூ, மண்டப வாசலில் வாய் பிளந்த சம்பவங்களுக்குக் காரணம் இதுதான். அடிப்பாகத்தைத் தைத்து இணைத்த தோல் செருப்போ, தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். தெருமுனையில் உட்கார்ந்திருக்கும் செருப்புத் தொழிலாளிக்கும் அதனால் ஒரு வேலை உண்டு.

மலிவின் கடன் யார் தலையில்

நாலு சலவையில் வெளுக்கும் சட்டையின் கதை குப்பைத் தொட்டியோடு முடிவதில்லை. சாயத்தின் கதை திருப்பூரின் நொய்யல் ஆற்றில் எழுதப்பட்டிருக்கிறது. பாசனத்துக்கென்று கட்டி 1992இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக் கழிவின் நீர்த்தேக்கமாக மாறியதும், 'எங்களுக்குத் தண்ணீரே வேண்டாம்' என்று விவசாயிகளே நீதிமன்றப் படியேறியதும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாயப் பட்டறைகளை மூட உத்தரவிட்டதும் சரித்திரம். கழிவு நீரை ஒரு துளியும் வெளியேற்றாமல் சுத்திகரிக்க வேண்டும் என்பது நிபந்தனை, அதற்குச் செலவாகிறது. அந்தச் செலவைச் செய்கிறவரின் பனியன், செய்யாதவரின் பனியனைவிட விலை கூடியிருப்பதில் ஆச்சரியமில்லை.

விலையை மட்டுமே கேட்கிற சந்தையில் தறி என்ன செய்யும்? ஓர் அங்குலத்துக்கு விழ வேண்டிய ஊடையில் இரண்டைக் குறைக்கும்; நீள அகலத்தில் ஒரு விரற்கடை திருடும்; சாயத்தை ஒரு முக்கலோடு நிறுத்திக்கொள்ளும். நெசவாளி அயோக்கியனாகிவிட்டதால் இப்படி நேர்வதில்லை. மறுத்தால் அடுத்த தறி அந்த ஆர்டரை ஏற்றுக்கொள்ளும் என்பதால் நேர்கிறது.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். தொள்ளாயிரம் ரூபாயை ஒரே சமயத்தில் எடுத்து வைக்க முடியாதவன் முந்நூறு ரூபாய் வேட்டியைத்தானே வாங்குவான்? உண்மைதான், நாலு வருஷத்தில் நாலு வேட்டி வாங்கி, அவன் பணக்காரனைவிட அதிகம் கொடுத்து, அவனைவிட மட்டமாக உடுத்துகிறான். வறுமையின்மீது விதிக்கப்பட்ட இந்த மறைமுகத் தண்டத்துக்குச் சிக்கனப் பிரசங்கம் மருந்தாகாது, தவணைதான் மருந்து. தெருப் பெண்கள் கூடி நடத்தும் தீபாவளிச் சீட்டு அந்த ஞானத்திலிருந்து பிறந்தது. 1935இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ், மாதாமாதம் கட்டிவந்தால் கடைசித் தவணையைத் தானே ஏற்கும் சேமிப்புத் திட்டம் ஒன்றை நடத்துகிறது. அரசு ஊழியர்களுக்கு வட்டியில்லாக் கடனிலும் துணி தருகிறது. பண்டிகைக் காலத்தில் 30 சதவீதத் தள்ளுபடியும் உண்டு.

அந்தத் தள்ளுபடி பட்டுக்கு மட்டுமல்ல, நூல் சேலை, வேட்டி, லுங்கி, துண்டு, படுக்கை விரிப்பு அனைத்துக்கும் பொருந்தும். தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் அக்கடைகளில் ஒன்றுக்குள் போனால், பட்டுப் பிரிவில் ஆள்மேல் ஆள் விழுந்துகொண்டிருக்க, வேட்டிப் பிரிவின் ஊழியர் நாற்காலியை நகர்த்திப் போட்டு உங்களை உட்காரச் சொல்லி, எத்தனை கட்டுகளை வேண்டுமானாலும் பிரித்துக் காட்டுவார்.